உள்ளே போன வலது கால்

பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் விடிகாலையில் விழிப்புத் தட்டி, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். "படுங்க, ஒங்கள யாரும் கூப்புடல" என்று என் மனைவி ஸ்டெல்லா போர்வைக்குள்ளிருந்தே சொல்வாள். சென்ற மாதம் நிஜமாகவே கூப்பிட்டுவிட்டார்கள். செம்மங்குப்பத்தில் நான் வேலை பார்த்த ரசாயனத் தொழிற்சாலையில் இப்போது பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் கவிதா என்ற பெண், கடலூர் முதுநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து, பாதுகாப்பு வாரத்தில் பேச வேண்டும் என்று கேட்டார். பேசினேன். பத்து நிமிடம் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் என் வலது காலின் கதையைச் சொல்ல முடியாது. "மிச்சத்த எழுதிக் குடுங்க சார்" என்றார். எழுதுகிறேன்.

ஐடிஐ படித்தேன், அப்ரண்டிஸாக இருந்தேன், ஆபரேட்டர் ஆனேன். அதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். சொல்ல வேண்டியது டேங்க் வாசல் வேலையைப் பற்றி. பெரிய டேங்க்குகளையும் ரியாக்டர்களையும் அவ்வப்போது உள்ளே ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒருவன் இறங்குவான், இன்னொருவன் மேலே வாசலில், அதாவது ஆள் நுழைகிற வட்டத் துளைக்குப் பக்கத்தில், நிற்பான். நிற்கிறவனுக்கு நிற்பதுதான் வேலை. உட்காரக் கூடாது, பேப்பர் படிக்கக் கூடாது, போன் கூடாது, மாற்று ஆள் வராமல் ஒன்றுக்குக்கூடப் போகக் கூடாது. உள்ளே இருப்பவன் ஸ்பேனரால் சுவரில் ஒரு தட்டு தட்டினால் நலம், இரண்டு தட்டினால் இழு. கயிறு அவன் இடுப்புப் பெல்ட்டிலிருந்து வாசலுக்கு மேல் நிறுத்திய இரும்பு முக்காலி வழியாக நம் கைக்கு வரும். என் பெரியப்பா மகன் ஒருமுறை, "இதுக்காடா சம்பளம் குடுக்குறான்?" என்று கேட்டான். அடுத்த நாள் அவனை எங்கள் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் நகராமல் நிற்கச் சொன்னேன். இருபதாவது நிமிடம் டீ குடிக்கப் போய்விட்டான்.

அப்போது பாதுகாப்பு அதிகாரி ராமலிங்கம் சார். குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்பு செய்தவனிடம் பக்கத்தில் வந்து, காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசுவார். பேசி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் கொடுப்பார். மிட்டாய் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது, மறுபடி எடுக்க மாட்டார். மிட்டாய் வரவில்லை என்றால் அன்றைக்குத் தூக்கம் வராது.

அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது. காற்றுச் சோதனை முடிந்து, பர்மிட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு, இறங்கப் போகிறவன் வாசலில் நிற்பவனைப் பார்த்துக் கேட்க வேண்டும்: "நான் விழுந்தா உள்ள வருவியா?" நிற்பவன் சத்தமாகச் சொல்ல வேண்டும்: "வரமாட்டேன்." சொன்னால்தான் சார் கடைசிக் கையெழுத்தைப் போடுவார்.

முதல் தடவை என் முறை வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. நான் கிறிஸ்தவன். ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்தது, சிநேகிதனுக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்பது. அதைக் கேட்ட காதை வைத்துக்கொண்டு, ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்து, நீ விழுந்தாலும் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சாரிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்ப நீ வாசல்ல நிக்க வேணாம். பம்ப் ஹவுசுக்குப் போ" என்றார். மிட்டாய் தரவில்லை.

ஒரு வாரம் பம்ப் ஹவுசில் கிடந்தேன். எட்டாவது நாள் சார் அங்கே வந்து என் பக்கத்தில் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் சின்ன புதிய ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டில் யாரோ இலவசமாகக் கொடுத்ததாம். பென்சிலால் கோடெல்லாம் போட்டிருந்தார்.

"ஜெயசீலா, ஒங்க ஆண்டவர கோயில் உச்சியில நிக்கவெச்சு, கீழ குதி, தேவதூதருங்க தாங்கிப் புடிப்பாங்கன்னு ஒருத்தன் சொல்லுறானே. யாரு அவன்?"

"சாத்தான் சார்."

"இவுரு குதிச்சாரா?"

"குதிக்கல சார்."

"ஏன் குதிக்கல?"

கடவுளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்பதற்காக, என்றேன். "அதத்தான் நானும் சொல்லுறேன். நான் சொன்னா பம்ப் ஹவுசு, அவுரு சொன்னா வேதமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, தான் முன்பு வேலை பார்த்த ஓர் ஊரில் நடந்ததைச் சொன்னார். ஒருவன் தொட்டிக்குள் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க அவன் தம்பி இறங்கினான். தம்பியைத் தூக்க இன்னொரு சிநேகிதன் இறங்கினான். "மொத ஆளு விபத்துல போனான். மத்த ரெண்டு பேரும் அன்பால போனாங்க. வாசல்ல யாருமே இல்ல, ஜெயசீலா. மூணு பேரயும் மேல தூக்குன ஆளுங்கள்ல நானும் ஒருத்தன்." மிட்டாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் முதல் நானும் 'வரமாட்டேன்' சொல்ல ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் முணுமுணுத்தேன். சார் காதில் கையை வைத்துக்கொண்டு, "கேக்கல" என்பார்.

பல வருடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதிகமாகச் சொன்னது பழனிவேலிடம். அவனும் குமராட்சிக்காரன், மினி பஸ்ஸில் சிதம்பரம் வந்து, அங்கிருந்து கடலூர் பஸ் மாறி வேலைக்கு வருவான். என்னை மாமா என்பான். அவன் வீட்டுப் பொங்கலுக்கு நாங்கள் போவோம், எங்கள் கிறிஸ்துமஸ் கேக்கை அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து சாப்பிடுவான். அவன் இறங்குவான், நான் நிற்பேன். "வருவியா மாமா?" "வரமாட்டேன் போடா." எங்களுக்கு அது காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு வருடம், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான லெந்து ஆரம்பித்த வாரத்தில் ஒரு ரியாக்டரைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. எல்லாச் சோதனையும் சரியாக இருந்தது. பழனிவேல் கேட்டான், நான் சொன்னேன், இறங்கினான். அடியில் காய்ந்து கிடந்த கசடைச் சுரண்டும்போது அதற்குள் அடைபட்டிருந்த ஆவி கிளம்பியிருக்கிறது. காற்று அனுப்பும் குழாய் எங்கோ மடங்கிக்கொண்டதும் அப்போதுதான். தட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். முழங்காலில் உட்கார்ந்து, சுவரில் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தான்.

அலாரத்தை அடித்தேன். கயிற்றை இழுத்தேன். இரண்டடி வந்தது, நின்றுவிட்டது. ரியாக்டருக்குள் கலக்குவதற்கு ஒரு தண்டும் இறக்கைகளும் உண்டு. அந்த இறக்கையில் கயிறு மாட்டிக்கொண்டது. ஒரு கை இருந்தால் போதும், விடுவித்துவிடலாம். கைக்கு எட்டுகிற தூரம் மாதிரிதான் தெரிந்தது. என் வலது கால் வாசலுக்குள் போய்விட்டது. நான் முடிவு எடுத்து வைக்கவில்லை, கால் தானாகப் போனது. தொடை வரை உள்ளே. பாதம் ஏணிப் படியைத் தேடுகிறது. அந்த நேரத்தில், வேடிக்கையாக இருக்கும், எனக்கு வேத வசனம் எதுவும் ஞாபகம் வரவில்லை. காலையில் நான் சொன்ன 'வரமாட்டேன் போடா' என் குரலிலேயே காதில் கேட்டது.

காலை எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் தூக்கியதிலேயே கனமான பொருள் அந்தக் கால்தான். கயிற்றை முழுக்கத் தளர்த்தி, மறுபக்கம் போய் நின்று உதறி இழுத்தேன். வரவில்லை. திரும்பவும் உதறினேன், வரவில்லை. மூன்றாவது தடவை விடுபட்டது. மூச்சுக் கருவி மாட்டிய மீட்பு ஆட்கள் வாசலைச் சுற்றியிருந்த இரும்பு மேடைக்கு ஏறி வரும்போது பழனிவேலின் தலை வாசலுக்கு மேல் வந்துவிட்டது. முகத்தில் ஆக்ஸிஜனை வைத்து, ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்குள் கண்ணைத் திறந்தான். நான் அந்த மேடையிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

அன்றைக்கே நடந்த விசாரணையில் ராமலிங்கம் சார் என் பேன்டைப் பார்த்தார். வாசல் விளிம்பில் பூசியிருக்கும் கறுப்புப் பசை வலது தொடை முழுக்க அப்பியிருந்தது. "இது எப்படி?" என்றார். "இழுக்கும்போது சாஞ்சேன் சார்." அவர் அப்படியே எழுதிக்கொண்டார். மிட்டாய் தரவில்லை. அத்தனை வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது.

பழனிவேலைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வராந்தா வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்று தடவை அப்படித் திரும்பினேன். அவன் உள்ளே விழுந்து கிடக்க நான் வெளியே நின்றேன் என்பது அவனுக்குத் தெரியுமல்லவா? என்ன முகத்தோடு போய் நிற்பது? அவனை டிஸ்சார்ஜ் செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போதும் நான் போகவில்லை.

இது போதாதென்று சிதம்பரத்தில் என் மச்சான் எபநேசர் இருந்தார். ஸ்டெல்லாவின் அண்ணன், அங்கே சபையில் உபதேசியார். நல்ல மனுஷர், ஆனால் லெந்து நாற்பது நாளும் காபியை விட்டுவிடுவார். காபி இல்லாத எபநேசரோடு நாற்பது நாள் பேசிப் பழகுவது குடும்பத்தில் மற்றவர்கள் செய்யும் தியாகம். அவர் வீட்டில் லெந்து ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு என் பக்கம் திரும்பியது.

"மாப்ள, தப்பா எடுத்துக்காத. நம்ம ஆண்டவர் வெளிய நின்னு கயிறு இழுத்துகினு இருந்தாரா? ஞாயித்துக்கெழம எல்லாரும் சேந்து சொல்ற விசுவாசப் பிரமாணத்துல என்னா சொல்றோம்? பாதாளத்துல எறங்கினாருன்னு சொல்றோம். எறங்கினாரு. அதான் பலி."

கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரம் என் வலது கால் ஞாபகம் வந்தது. நானும் இறங்கப் போனேன், தொடை வரை உள்ளே விட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கூடத்தில் என் மதிப்பு எங்கேயோ போய்விடும். கம்பெனியில் எது குற்றமோ அது இங்கே பெருமை. அங்கே மறைத்ததை இங்கே விற்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. வெட்கமாக இருந்தது, விழுங்கிவிட்டேன். அதற்குப் பதிலாக, "அவருக்கு உயிரோட எழும்ப மூணாம் நாள் இருந்துச்சு மச்சான். எனக்கு அடுத்த ஷிஃப்ட்தான் இருக்கு" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். எபநேசர் சிரிக்கவில்லை.

ஸ்டெல்லா சுண்டல் தட்டைக் கீழே வைத்தாள். "அண்ணா, ஆபிரகாம் பலி குடுக்கறதுக்குப் புள்ளயக் கட்டி விறகு மேல படுக்கவெச்சப்ப, வேணாம், நிறுத்துன்னு சொன்னது யாரு?"

"ஆண்டவர்தான்."

"அந்தச் சத்தம் காதுல விழாம ஆபிரகாம் கத்திய எறக்கியிருந்தா, அது பெரிய பலியா, பெரிய பாவமா?"

"அப்ப சிலுவையில செத்தாரே, அது வீணாம்மா?"

"அவுரு செத்ததுக்காக நான் கும்புடல. சாவு வருதுன்னு தெரிஞ்சும் நம்மள வுட்டுட்டு ஓடலியே, அதுக்காகக் கும்புடுறேன். முடிஞ்சா இது எனக்கு வேணாம்னு முந்தின ராத்திரி தோட்டத்துல அவுரே ஜெபத்துல கேட்டாருல்ல? சாவ ஆசப்பட்டுத் தேடிப் போனவரு அப்படிக் கேப்பாரா?"

எபநேசர் நெற்றியைத் தடவிக்கொண்டார். காபி இல்லாத தலைவலியா, தங்கச்சி கொடுத்த தலைவலியா தெரியாது. "சரி. பெரிய வெள்ளிக்கு மாப்ளையே வந்து பேசட்டும்" என்றார்.

பெரிய வெள்ளி ஆராதனை பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவார்கள். எந்த வார்த்தை யாருக்கு என்பதில் எல்லாச் சபையிலும் இழுபறி உண்டு. முதலாவதும் ஏழாவதும் பெரிய ஆட்களுக்குப் போய்விடும். எனக்கு மூன்றாவது வந்தது. சிலுவைக்குக் கீழே நிற்கும் தாயையும் சீஷனையும் பார்த்து, இனி ஒருவருக்கு ஒருவர் என்று அவர் ஒப்படைக்கிற இடம். அதை இரண்டு வாரம் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்த அம்மா அங்கே நின்றாள். சிலுவையில் ஏறவில்லை. வீட்டுக்கும் போகவில்லை.

சிதம்பரத்தில் மச்சானின் சபைக் கோவிலில் அன்று கூட்டம் நிறைந்திருந்தது. என் முறை வந்து எழுந்து போய் நின்றபோது கடைசி வரிசையில் பழனிவேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கொஞ்சம் இளைத்த முகம். ஸ்டெல்லா எனக்குத் தெரியாமல் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறாள். எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

ரியாக்டரைப் பற்றிச் சொன்னேன், சாரின் கேள்வியைச் சொன்னேன், என் பதிலைச் சொன்னேன். பிறகு யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "என் வலது கால உள்ள வெச்சேன். வெச்சது சுலபமா இருந்துச்சு. அதுல எனக்கு ஒரு செலவும் இல்ல. அத வெளிய எடுத்தேனே, அதுக்குத்தான் என்கிட்ட இருந்த எல்லாத்தையும் குடுக்க வேண்டியிருந்துச்சு. நல்லவன்ங்கற பேரு, வீரன்ங்கற பேரு, இன்னைக்கி வரைக்கும் என் தூக்கம், எல்லாமே. சிலுவைக்குக் கீழ நின்ன அந்தத் தாயும் அப்படித்தான் குடுத்திருப்பாங்கன்னு நெனைக்கிறேன். பலின்னா என்னான்னு எனக்கு முழுசாத் தெரியாது. ஆனா எனக்காக இன்னொருத்தன் வீணா சாகணும்னு கேக்குற கடவுள எனக்குத் தெரியாது." உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் கஞ்சி ஊற்றினார்கள். பழனிவேல் கஞ்சிக் கிண்ணத்தோடு நேராக என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. அழுகை என்று நினைத்தேன். கோபம்.

"காலு வெச்சியா?"

"வெச்சேன். எடுத்துட்டேன்ல."

"எடுக்காம இருந்திருந்தா? ரெண்டு பேரயும் யாரு இழுக்கறது, ஒங்க ஆண்டவரா? ஒன்ன நம்பித்தான மாமா எறங்குனேன். மயக்கம் வரச்சொல்ல நான் என்னா நெனச்சேன் தெரியுமா? மாமா மேல நிக்குது, எப்படியும் இழுத்துடும்னு நெனச்சேன். நீ வரமாட்டேன்னு சொன்னதுதான் எனக்குத் தெம்பு. நீ என்னடான்னா காலத் தூக்கி உள்ள வெக்கிற."

பக்கத்தில் நின்ற எபநேசர் கஞ்சியைக் குடிக்காமல் இவனையே பார்த்தார். பழனிவேல் இன்னும் முடிக்கவில்லை.

"அதுகூட போவட்டும். ஆஸ்பத்திரிக்கு ஏன் வரல? நான் விழுந்தா டேங்க்குக்குள்ள வரமாட்டேன்னுதான சொன்ன. வார்டுக்குள்ள வரமாட்டேன்னு எந்தப் பர்மிட்ல கையெழுத்துப் போட்ட?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து கஞ்சி புரையேறிவிட்டது. அவன்தான் முதுகில் தட்டினான். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்தத் தட்டில் போய்விட்டது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தப் பெரிய வெள்ளியிலும் அனுபவித்ததில்லை, துக்க நாளில் சந்தோஷப்படலாமா என்று பயமாகக்கூட இருந்தது. எபநேசர் மட்டும், "விசுவாசப் பிரமாணத்துக்கு மாப்ள இன்னும் பதில் சொல்லல" என்றார். ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து முதல் காபி குடித்ததும் போன் செய்து, "யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னதுல கொஞ்சம் நாயம் இருக்கு" என்றார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று இன்றுவரை நாங்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அடுத்த வேலை நாளில் ராமலிங்கம் சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "தெரியும். சாஞ்சா கறை முன்னால இருக்கும். ஒனக்குச் சுத்தி இருந்துச்சு. நீயா சொல்லுறியான்னு பாத்தேன்" என்றார். அறிக்கையைத் திருத்தினார். எனக்கு ஒரு மெமோ அடித்துக் கையில் கொடுத்தார். மெமோவின் மேல் ஒரு ஆரஞ்சு மிட்டாய் இருந்தது. அந்த மெமோவை ஸ்டெல்லா எங்கள் கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

இப்போது வாசலில் ஆளுக்குப் பதிலாகக் கேமரா வைக்கப் போகிறார்கள். அது கண் அசராது, அதற்கு ஒன்றுக்கு வராது, பொய்யும் சொல்லாது. நல்லதுதான். நான் குறை சொல்ல மாட்டேன். பாதுகாப்பு வாரத்தில் கவிதாவிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "அந்தக் கேள்விய யாருகிட்டம்மா கேப்பாங்க? வரமாட்டேன்னு சொல்றதுக்கு, வரணும்னு துடிக்கிற ஒரு ஆளு வேணும். கேமராவுக்குக் காலு இல்ல." "கேமராவும் இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும் சார். மேல நான் பேசுறேன்" என்றார். பிறகு, "அந்தக் கேள்விய நீங்களே ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க" என்று பயிற்சிக்காக வைத்திருந்த காலி டேங்க்கைக் காட்டினார்.

பழனிவேலும் ஓய்வு பெற்றவன்தான். அவனையும் அழைத்திருந்தார்கள். பெல்ட்டை மாட்டிக்கொண்டான், வயிறு பெருத்துவிட்டதால் கடைசி ஓட்டைக்கு வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஏணியில் இடுப்பு வரை இறங்கி நின்று கேட்டான்:

"நான் விழுந்தா உள்ள வருவியா மாமா?"

"வரமாட்டேன் போடா" என்றேன், ராமலிங்கம் சார் எங்கே இருந்தாலும் கேட்கட்டும் என்று சத்தமாக. எல்லாரும் கை தட்டினார்கள். பழனிவேல் உடனே இறங்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து என் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அதை ஒரு அடி பின்னால் எடுத்து வைத்த பிறகுதான் இறங்கினான்.